‘ஹ-ஹ-ஹலோ, கேக்குதா?’: ரீல்ஸ் பாட்டுகளின் க்ளிட்ச் சத்தமும் அதன் காப்புரிமைச் சிக்கலும்

காலை மீட்டிங். மேனேஜர் பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று அவர் குரல் "டெ-டெ-டெ-டெட்லைன்" என்று திக்குகிறது. ரோபோ மாதிரி ஒரு இழுவை, பிறகு மௌனம். "சார், வாய்ஸ் பிரேக் ஆகுது" என்று யாரோ சொல்கிறார்கள். எல்லோருக்கும் எரிச்சல்.

அதே நாள் இரவு. ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். ஒரு பாட்டில் பாடகியின் குரல் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, திக்கித் திக்கி, ரோபோ மாதிரி இழுபட்டு, சட்டென்று நின்று மறுபடி வெடிக்கிறது. இந்த முறை எரிச்சல் வரவில்லை. இரண்டாவது முறை கேட்கிறீர்கள். சேவ் பண்ணுகிறீர்கள்.

காலையில் கேட்டதும் இரவில் கேட்டதும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். முதலாவது பழுது, இரண்டாவது இசை. இந்தச் சத்தத்தை உருவாக்க இன்று ஸ்டுடியோ தேவையில்லை. லேப்டாப், ஹெட்ஃபோன், இலவச மென்பொருள் ஒன்று போதும். அதனால்தான் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் பாட்டு போடும் ஒரு பெரிய கூட்டம் உருவாகியிருக்கிறது.

ஆனால் அவர்களில் பலர் வெட்டுவது சொந்தக் குரலை அல்ல, பழைய சினிமாப் பாட்டை. அங்கேதான் சிக்கல். இளையராஜா பாடல்கள் தொடர்பான வழக்குகள், செயற்கை நுண்ணறிவால் நகலெடுக்கப்பட்ட பாடகர் குரல்கள் என்று நீதிமன்றங்களில் இந்த விஷயம் சூடாக இருக்கும் நேரத்தில், "ரெண்டு நொடிதானே எடுத்தேன்" என்ற பதில் எவ்வளவு தூரம் நிற்கும்? இந்தச் சத்தம் எப்படி உருவாகிறது, எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் சட்டம் குறுக்கே வருகிறது என்று பார்ப்போம்.

முதலில், க்ளிட்ச் என்றால் என்ன?

மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது.

சாப்: ஒரு ஒலிப்பதிவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, வேறு வரிசையில் அடுக்குவது. காய்கறி நறுக்குவது மாதிரியே. "நிலா வருது" என்பதை நி, லா, வ, ரு, து என்று வெட்டி, "லா-லா-நி-து-வ" என்று மாற்றி வைத்தால் அர்த்தம் போய்விடும், மெட்டு வந்துவிடும்.

ஸ்டட்டர்: ஒரே துண்டைத் தாளத்துக்கு ஏற்ப மறுபடி மறுபடி ஒலிக்க வைப்பது. "நி-நி-நி-நி-நிலா".

க்ளிட்ச்: கருவி பழுதானது போன்ற சத்தத்தை வேண்டுமென்றே உண்டாக்குவது. சி.டி. தாவுவது, இணைய அழைப்பு உடைவது, ஸ்பீக்கர் கரகரப்பது, டேப் நின்றுபோவது எல்லாம் இதில் அடக்கம்.

காலை மீட்டிங்கில் நடந்ததும் இதுதான். இணைய அழைப்பில் உங்கள் குரல் பெரும்பாலும் 20 மில்லி நொடி அளவுள்ள சிறு பொட்டலங்களாகப் போகிறது. சில பொட்டலங்கள் வந்து சேராவிட்டால், வெற்றிடத்தை நிரப்பக் கடைசியாக வந்த துண்டை மென்பொருள் நீட்டியோ திருப்பியோ ஒலிக்கும். அதுதான் அந்த ரோபோ இழுவை. இசையமைப்பாளர் அதையே தாளத்துக்குள் வைத்துச் செய்கிறார். தற்செயல் போய் ஒழுங்கு வந்ததும் காது அதை இசையாக ஏற்றுக்கொள்கிறது.

இது எங்கிருந்து வந்தது?

ரீல்ஸ் கண்டுபிடித்த விஷயம் இல்லை இது. 1985இல் பிரிட்டனில் பால் ஹார்ட்கேஸில் வெளியிட்ட ‘19’ பாட்டில் "நை-நை-நை-நைன்டீன்" என்ற திக்கல் உலகம் முழுக்கப் பிரபலமானது. அந்தக் காலச் சாம்ப்ளர் கருவிகளின் நினைவகத்தில் சில நொடி ஒலி மட்டுமே அடங்கும். நீண்ட வசனத்தைப் போட முடியாததால் சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப அடிப்பதே வழியாக இருந்தது. 1988இல் அகாய் நிறுவனத்தின் எம்.பி.சி. 60 வந்தபின் ஹிப்-ஹாப் கலைஞர்கள் பழைய இசைத்தட்டுகளை நறுக்கி ரப்பர் பட்டன்களில் ஏற்றி, விரலால் தட்டியே புதுப் பாட்டு செய்தார்கள்.

1990களில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டி.ஜே. ஸ்க்ரூ வேறு பாதையில் போனார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை, ஒன்று சற்றுப் பின்தங்கி ஓடும்படி வைத்து, வேகத்தை நன்றாகக் குறைத்து, வரிகளைத் திருப்பி வெட்டினார். ‘சாப்டு அண்டு ஸ்க்ரூடு’ என்று பெயர் பெற்ற அந்த முறை, இன்று யூடியூபில் எந்தத் தமிழ்ப் பாட்டின் பெயரோடும் ஒட்டிக்கொண்டு வரும் ‘ஸ்லோடு அண்டு ரிவெர்ப்’ வகைக்குத் தாத்தா. ஸ்க்ரூ 2000இல், 29 வயதில் இறந்துபோனார்.

அதே பத்தாண்டில் ஜெர்மனியின் ஓவல் குழு சி.டி.க்களின் அடிப்பக்கத்தில் பேனாவால் கிறுக்கி, அது தாவும் சத்தத்தைப் பதிவு செய்து இசைத் தொகுப்பே வெளியிட்டது. அதற்கும் முன்பே, 1980களில் ஜப்பானியக் கலைஞர் யசுனாவோ டோனே துளையிட்ட டேப்பைச் சி.டி.யில் ஒட்டி இதைச் செய்து பார்த்திருந்தார்.

பெருவாரியான ரசிகர்களுக்கு இது வந்து சேர்ந்தது 2015இல், ஸ்க்ரில்லெக்ஸும் டிப்லோவும் ஜஸ்டின் பீபரோடு செய்த ‘வேர் ஆர் யு நவ்’ பாட்டில். அதில் புல்லாங்குழலா, டால்ஃபினா என்று எல்லோரும் கேட்ட அந்தக் கீச்சுக் குரல், பீபரின் சொந்தக் குரலை வெட்டி, ஸ்தாயி உயர்த்தி, திரித்துச் செய்தது. அதற்குப் பிறகு இது பாப் பாட்டுகளின் வழக்கமான அலங்காரமாகிவிட்டது.

வீட்டில் செய்வது எப்படி?

மென்பொருளுக்குச் செலவு தேவையில்லை. ஆடாசிட்டி முழுக்க இலவசம். ஆப்பிள் வைத்திருப்பவர்களுக்கு காரேஜ்பேண்ட் இலவசம். போனிலேயே செய்ய பேண்ட்லேப் இருக்கிறது. ரீப்பருக்கு 60 நாள் சோதனைக் காலம் உண்டு. எஃப்.எல். ஸ்டுடியோவோ ஏபிள்டனோ இருந்தால் வேலை வேகமாகும், அவ்வளவுதான். அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றே.

படி 1: சுத்தமாகப் பதிவு செய்யுங்கள். "எப்படியும் உடைக்கப் போறோம், எதுக்கு சுத்தம்?" என்று தோன்றும். ஆனால் ஒரு துண்டை 16 முறை திருப்பும்போது அதில் ஒட்டியிருக்கும் ஃபேன் சத்தமும் 16 முறை திரும்பி, மெஷின் கன் மாதிரி கேட்கும். ஃபேனை அணையுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதை நோக்கிப் பாடுங்கள். பி.ஜி. அறையில் இதைவிட நல்ல குரல் பூத் கிடைக்காது.

படி 2: தாளக் கணக்கைப் போடுங்கள். 60,000ஐ பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு அடியின் நீளம் மில்லி நொடியில் கிடைக்கும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு அடி 500 மில்லி நொடி. அதில் பாதி 250, கால் பங்கு 125, அரைக்கால் 62.5. உங்கள் துண்டுகள் இந்த நீளங்களில் இருந்தால் திக்கல் தாளத்தில் உட்காரும். இல்லாவிட்டால் அது மீட்டிங் சத்தம்தான்.

படி 3: வெட்டும் இடத்தைப் பாருங்கள். ஒலி அலை நடுக்கோட்டுக்கு மேலும் கீழுமாக ஓடும். மேலே இருக்கும்போது வெட்டினால் அலை சட்டென்று அறுந்து ‘டிக்’ என்று கேட்கும். நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்ட வேண்டும். ஆடாசிட்டியில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து இஸட் விசையை அழுத்தினால் அந்தப் புள்ளிக்குத் தானே நகர்ந்துவிடும். அப்படியும் ‘டிக்’ வந்தால், துண்டின் இரு முனையிலும் 2 முதல் 5 மில்லி நொடி ஃபேட் கொடுங்கள். ‘டிக்’ சத்தமே வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். அது உங்கள் முடிவாக இருக்க வேண்டும், விபத்தாக இருக்கக் கூடாது.

படி 4: திருப்புங்கள், பிறகு சுருக்குங்கள். 125 மில்லி நொடித் துண்டை நான்கு முறை, அடுத்து 62.5ஐ நான்கு முறை, அடுத்து 31.25ஐ எட்டு முறை. இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். நொடிக்கு சுமார் 20 முறைக்கு மேல் திரும்பும் எதையும் காது தனித்தனி அடியாகக் கேட்காது, ஒரு சுருதியாகக் கேட்கும். 31.25 மில்லி நொடி என்றால் நொடிக்கு 32 முறை. அதாவது உங்கள் "நி" எழுத்து இப்போது ஓர் உறுமல். அதையும் பாதியாக்கினால் 64 முறை, ஒரு ஸ்தாயி மேலே. ட்ராப்புக்கு முன்னால் குரல் ‘ட்ர்ர்ர்ர்’ என்று ஏறிப் பாய்வது இந்தக் கணக்கில்தான்.

படி 5: தரத்தைக் கெடுங்கள். சி.டி. தரத்தில் ஒவ்வொரு ஒலி மாதிரிக்கும் 16 பிட், அதாவது 65,536 படிகள். அதை 8 பிட் ஆக்கினால் 256 படி. 4 பிட் என்றால் வெறும் 16. படி குறையக் குறையப் பழைய வீடியோ கேம் மாதிரி மணல் மணலாகக் கேட்கும். மாதிரி வேகத்தை 44,100இலிருந்து 8,000க்கு இறக்கினால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள நுணுக்கங்கள் போய்விடும், பழைய டெலிஃபோன் நெடி வந்துவிடும். ‘பிட்க்ரஷர்’ என்ற பெயரில் இருக்கும் கருவி செய்வது இவ்வளவுதான்.

படி 6: மௌனம் வையுங்கள். அனுபவசாலிகள் அதிகம் கவனிப்பது இதைத்தான். ட்ராப்புக்கு முன்னால் அரை அடி எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். போன் நின்றுவிட்டதோ என்று கேட்பவர் ஒரு கணம் பதறுவார். அந்தப் பதற்றத்தில்தான் அடுத்த அடி இரண்டு மடங்கு பெரிதாக விழும்.

தமிழை வெட்டினால் எப்படி இருக்கும்?

இணையத்தில் கிடைக்கும் பயிற்சி வீடியோக்கள் பெரும்பாலும் ஆங்கிலக் குரலை வைத்துச் சொல்லித் தருகின்றன. தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. எங்கே வெட்டலாம் என்பதற்கான வரைபடம் நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. வல்லினம், மெல்லினம், இடையினம்.

வல்லின இரட்டிப்புகளில், அதாவது க்க, ட்ட, த்த, ப்ப வரும் இடங்களில், நாக்கோ உதடோ அடைத்து ஒரு நொடியின் சிறு பங்கு முழு மௌனம் இருக்கும். "பக்கம்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அந்த அடைப்பு தானாகக் கிடைத்த வெட்டுக்கோடு. அங்கே வெட்டினால் ஃபேட் கூடத் தேவைப்படாது. அடைப்பு திறக்கும் வெடிப்பு, ட்ரம் அடி மாதிரி கூர்மையாக விழும்.

மெல்லினம் நீட்டுவதற்கு. ம், ன், ண் ஆகியவற்றில் இருந்து 60 மில்லி நொடி எடுத்துச் சுழற்றினால் சிந்தசைசர் மாதிரி ஓர் ஓசை கிடைக்கும். இடையினத்தில் ஒலி நகர்ந்துகொண்டே இருப்பதால், ழ, ர, ய உள்ள துண்டுகளைப் பின்னோக்கி ஓட்டினால் வளைவு நன்றாகக் கேட்கும். வல்லினத்தைப் பின்னோக்கி ஓட்டினால் உறிஞ்சுவது போன்ற சத்தம் வரும்.

தாளத்துக்கும் ஊரிலேயே ஆசிரியர் உண்டு. கொன்னக்கோல் கேட்டவர்களுக்கு ஸ்டட்டர் புதிதில்லை. ஓர் அடிக்கு நாலு சொல் என்றால் சதுஸ்ரம், மூன்று என்றால் திஸ்ரம், ஐந்து கண்டம், ஏழு மிஸ்ரம். பெரும்பாலான ப்ளகின்கள் 2, 4, 8 என்று பாதி பாதியாகத்தான் குறைக்கும். ஒரே ஓர் அடிக்கு மட்டும் துண்டை 100 மில்லி நொடியாக மாற்றிப் பாருங்கள். 120 வேகத்தில் அது கண்ட நடை. எல்லோரும் போடும் திக்கலுக்கு நடுவே அது தனியாகத் தெரியும்.

எங்கே சொதப்பும்?

எல்லா வரியிலும் போடுவது. க்ளிட்ச் என்பது ஒழுங்கை உடைப்பது. உடைவதற்கு முதலில் ஒழுங்கு இருக்க வேண்டும். ஏழு சுற்று நேராகப் போய் எட்டாவதில் உடைந்தால் உறைக்கும். முதலிலிருந்தே உடைந்திருந்தால் மூன்றாவது நொடியில் காது பழகிவிடும்.

இன்னொன்று, ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு முடிப்பது. போன் ஸ்பீக்கரில் அடிச்சத்தம் காணாமல் போய், பிட்க்ரஷ் செய்த மேல்சத்தம் மட்டும் ஊசியாகக் குத்தும். வெளியிடும் முன் போனிலும் ஒருமுறை கேளுங்கள். அசல் பதிவை எப்போதும் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறோம்.

சரி, பழைய பாட்டை வெட்டினால் கேஸ் வருமா?

ஒரு சினிமாப் பாட்டின் ஒலிப்பதிவில் குறைந்தது மூன்று அடுக்கு உரிமைகள் இருக்கின்றன. பதிவின் உரிமை, பெரும்பாலும் இசை நிறுவனத்திடம். மெட்டு, பாடல் வரி ஆகியவற்றின் உரிமை. பாடியவர், வாசித்தவர்களின் கலைஞர் உரிமை. ஒரு பாட்டிலிருந்து நீங்கள் இரண்டு நொடி எடுத்தால் மூன்றையுமே தொடுகிறீர்கள்.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957இன் 14ஆவது பிரிவு, ஓர் ஒலிப்பதிவை உள்ளடக்கி இன்னொரு ஒலிப்பதிவு செய்யும் உரிமை அதன் உரிமையாளருக்கே உண்டு என்கிறது. சாம்ப்ளிங் என்ற சொல் அங்கே இல்லை. ஆனால் சாம்ப்ளிங் என்பது அதுதான்.

இனி, அடிக்கடி சொல்லப்படும் சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"சில நொடிக்குக் கீழே எடுத்தா பிரச்சினை இல்லையாமே?" அப்படி ஒரு நொடிக் கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. அற்பமான பயன்பாட்டை விட்டுவிடலாம் என்ற கொள்கையை டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் இந்தியா டி.வி.க்கும் யஷ் ராஜ் பிலிம்ஸுக்கும் இடையிலான வழக்கில் ஏற்றது உண்மை. ஆனால் அங்கே பேசப்பட்டது, ஒரு நிகழ்ச்சியில் பாடகி தன் பாட்டுகளின் சில வரிகளைப் பாடியதும், ஒரு விளம்பரத்தில் பாடலின் சில வார்த்தைகள் வந்ததும். அசல் ஒலிப்பதிவைத் துண்டாக்கிப் புதுப் பாட்டின் கொக்கியாக மாட்டுவதற்கு அதை அப்படியே நீட்டிவிட முடியும் என்று நம்பி இறங்கக் கூடாது.

"அடையாளமே தெரியாத மாதிரி வெட்டிட்டா?" இதில் உலக நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவில் ஃபங்கடெலிக் குழுவின் இரண்டு நொடி கிட்டார் துண்டை எடுத்து, ஸ்தாயி இறக்கிச் சுழற்றிய வழக்கில், ஒலிப்பதிவு என்றால் அளவு பொருட்டே இல்லை, உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் சொன்னது. 2016இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மடோனாவின் ‘வோக்’ பாட்டில் இருந்த 0.23 நொடி ட்ரம்பெட் வகைச் சத்தம் கேட்பவர் கவனிக்கவே முடியாத அளவுக்கு அற்பம் என்று விட்டுவிட்டது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு இரண்டு நொடித் தாளத்துக்காக இருபது வருடத்துக்கும் மேலாக வழக்கு நடத்தியது. அதில் 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம், காதால் அடையாளம் காண முடியாத அளவுக்கு மாற்றியிருந்தால் அது உரிமையை மீறாது என்றது.

கவனியுங்கள். மூன்றில் இரண்டு தீர்ப்புகள் ‘கேட்டால் தெரியுமா?’ என்ற கேள்வியைச் சுற்றி வருகின்றன. ஆனால் ரீல்ஸில் ஒரு சாப் வைரல் ஆவதே ‘ஐயோ, இது அந்தப் பாட்டுல்ல!’ என்று கேட்பவர் கண்டுபிடிப்பதால்தான். அடையாளம் தெரிந்தால் ஹிட், தெரியாவிட்டால் பாதுகாப்பு. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

"கிரெடிட் கொடுத்திருக்கேனே?" நல்ல பழக்கம். ஆனால் அது அனுமதி ஆகாது. கிரெடிட் கொடுக்காதது தனியாக இன்னொரு பிரச்சினை. 2002இல் அமெரிக்கப் பாடகி ட்ரூத் ஹர்ட்ஸின் ‘அடிக்டிவ்’ பாட்டு, லதா மங்கேஷ்கர் பாடிய இந்திப் பாட்டு ஒன்றைச் சுழற்றிப் பயன்படுத்தியது. இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் பெயர் இல்லை. வழக்கு லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனது. அவர் பெயரைப் போடாமல் ஆல்பத்தை விற்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

"கவர் பாட்டுக்கு லைசென்ஸ் உண்டே, அதில் வராதா?" வராது. 31சி பிரிவு தரும் கவர் உரிமம், பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்வதற்கு. அதுவும் அசல் வெளியாகி ஐந்து வருடம் கழித்து, மெட்டையும் வரியையும் இஷ்டத்துக்கு மாற்றாமல். நறுக்குவதற்கு அங்கே இடமில்லை.

"ரொம்பப் பழைய பாட்டுதானே?" ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1960இல் வந்த பதிவின் உரிமை 2020 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் மெட்டின் உரிமை, இசையமைப்பாளர் மறைந்த பிறகும் 60 வருடம் தொடரும். எம்.எஸ். விஸ்வநாதன் 2015இல் மறைந்தார். அவர் மெட்டுகளுக்கான காலம் 2075 வரை ஓடும். பதிவு பொதுச் சொத்து, பாட்டு அல்ல. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது ஏன் இவ்வளவு பேச்சு?

இரண்டு காரணங்கள். ஒன்று, உரிமையாளர்கள் விழித்துக்கொண்டார்கள். 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’, ‘கூலி’ டீசர் ஆகியவற்றுக்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. 2025 செப்டம்பரில் ‘குட் பேட் அக்லி’ படத்தில் அவர் பாட்டுகளைப் பயன்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இசை நிறுவனமா, இசையமைப்பாளரா, யாரிடம் உரிமை என்ற சண்டை இன்னும் முடியவில்லை. பெரிய தயாரிப்பு நிறுவனங்களே ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் நோட்டீஸ் வாங்குகின்றன என்றால், வீட்டில் உட்கார்ந்து பாட்டு போடுபவர் யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டு, குரலையே நகலெடுக்க முடிகிறது. 2024இல் ‘லால் சலாம்’ பாட்டில் மறைந்த பாம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர். ரஹ்மான் கொண்டுவந்தார். குடும்பங்களின் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு, ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றி உருவாக்கியதாக அவர் குடும்பம் நோட்டீஸ் அனுப்பியது. ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

நறுக்குவதற்கும் நகலெடுப்பதற்கும் வித்தியாசம் உண்டுதான். ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றே: இன்னொருவர் தொண்டையிலிருந்து வந்ததை வைத்து நாம் செய்யும் பொருளில் அவருக்கு என்ன பங்கு? 2012 திருத்தத்துக்குப் பிறகு, தன் பெயருக்குக் கேடு வரும்படி பதிவைச் சிதைத்தால் அதை எதிர்க்கும் உரிமை பாடகருக்கும் இருக்கிறது.

பங்கு கிடைக்காதவர் கதையும் உண்டு. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டைப் பதிவு செய்தது. அதில் ட்ரம்மர் கிரகரி கோல்மன் தனியாக அடித்த ஆறேழு நொடியை, பின்னால் வந்தவர்கள் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் நறுக்கிப் போட்டார்கள். ட்ரம் அண்டு பேஸ் என்ற இசை வகையே அதன் மேல் எழுந்து நின்றது. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார். 2015இல் ரசிகர்கள் திரட்டிய சுமார் 24,000 பவுண்டு, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குப் போய்ச் சேர்ந்தது. உலகத்திலேயே அதிகம் நறுக்கப்பட்ட துண்டுகளில் ஒன்றுக்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சாம்ப்ளிங் இல்லாவிட்டால் பல பாட்டுகள் கடல் தாண்டியிருக்காது. மாயா அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ., 2007இல் வெளியிட்ட ‘பேம்பூ பங்கா’வில் ‘தளபதி’ பாட்டின் துண்டு ஒலிக்கிறது. பாலசந்தர் இயக்கிய ‘ஏக் தூஜே கே லியே’ படத்தின் வயலின்தான் பிரிட்னி ஸ்பியர்ஸின் ‘டாக்ஸிக்’ வழியாக உலகம் சுற்றியது. நறுக்குவதைக் குற்றமாக மட்டும் பார்த்தால் இசை வளராது. அனுமதி வாங்குவதற்குச் சாமானியருக்கு எட்டும் ஒரு வழி இல்லாததுதான் உண்மையான குறை. ஆயிரம் ரூபாய் வருமானம் கூட இல்லாத ஒரு ரீலுக்கு உரிமம் கேட்டு மூன்று பேருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

அப்போ என்ன செய்யலாம்?

உங்கள் குரலையே வெட்டுங்கள். நன்றாகப் பாடத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லாத ஒரே வகை இசை இது. வெட்டி, ஸ்தாயி உயர்த்திவிட்டால் உங்கள் குரல் என்று அம்மாவுக்கே தெரியாது. நண்பரைப் பாட வைத்தால், பயன்படுத்தலாம் என்று ஒரு மின்னஞ்சலாவது வாங்கி வையுங்கள்.

வீட்டுச் சத்தங்களைப் பிடியுங்கள். குக்கர் விசில், ஷட்டர் இழுக்கும் சத்தம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் ‘ஸ்ஸ்’. யாரும் உரிமை கேட்க மாட்டார்கள், உங்களைத் தவிர யாரிடமும் இருக்காது.

ஃப்ரீசவுண்டு போன்ற தளங்களில் எடுத்தால் ஒவ்வொரு கோப்பின் உரிம வகையையும் படியுங்கள். சில எதற்கும் பயன்படும், சிலவற்றுக்குப் பெயர் போட வேண்டும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

சாம்ப்ள் பேக் வாங்கினாலும் அந்தத் துண்டு உங்களுக்கு மட்டும் விற்கப்படவில்லை என்பதை மறக்காதீர்கள். அதே துண்டை வைத்து இன்னொருவர் தன் பாட்டைப் பதிவு செய்திருந்தால், யூடியூபின் கன்டென்ட் ஐ.டி. உங்கள் பாட்டின் மேல் க்ளெய்ம் போடலாம். க்ளெய்ம் என்றால் பெரும்பாலும் விளம்பர வருமானம் கைமாறும். ஸ்ட்ரைக் என்பது வேறு. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போகலாம். இப்படி ஒரு நாள் வரும்போது கைகொடுப்பது, முன்பு எடுத்து வைக்கச் சொன்ன அசல் பதிவும், ப்ராஜெக்ட் கோப்பும், வாங்கிய ரசீதும்தான்.

பழைய பாட்டைத் தொட்டே ஆக வேண்டும் என்றால், வெளியிடும் முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டக் கற்றுக்கொள்ள இளையராஜாவின் பாட்டைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. ஆனால் பாடப்புத்தகத்தில் உங்கள் பெயரை எழுதி விற்க முடியாது.

அடுத்த மீட்டிங்கில் உங்கள் குரல் உடைந்தால் கோபப்படாதீர்கள். அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, முழுக்க முழுக்க உங்களுடைய சாம்ப்ள். ரெக்கார்ட் பண்ணி வையுங்கள்.